ஆம்ப்ளிஃபயரை மாற்றும் முன் எர்த் குழியைத் திறந்து பாருங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிராமம். பழைய ஓட்டு வீட்டின் முன்பாதியை இடித்துக் கான்கிரீட் போட்டிருக்கிறீர்கள். முற்றம், தாழ்வாரம், கொல்லை எல்லாம் பழையபடியே இருக்கின்றன. கூடத்தில் டிவி, கேபிள் செட்டாப் பாக்ஸ், 5.1 ரிசீவர் (ஆம்ப்ளிஃபயர் இதற்குள்தான்), சப்வூஃபர். பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைச்சல். டிவி திடீரென்று இரண்டு நொடி கறுத்துவிட்டுத் திரும்ப வருகிறது. கரண்ட் போய் வந்தால் ஸ்மார்ட் சுவிட்சுகளில் பாதி ஆப்பில் காணோம். மோட்டாருக்குப் போட்ட ஸ்மார்ட் சுவிட்ச் ஒரு நாள் ஆஃப் ஆகாமல் ஒட்டிக்கொண்டது. பார்க்க வந்தவர் "போர்டு போச்சு, புது ஆம்ப்ளிஃபயர் வாங்கிடுங்க" என்கிறார். கூடவே போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஈரத்துணியால் டிவி ஸ்டாண்டைத் துடைக்கும்போது அம்மாவுக்கு எர்த் அடிக்கிறது.

நான் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்குவேன். புது ஆம்ப்ளிஃபயர் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன ஐந்து தொல்லைகளில் பெரும்பாலானவை பெட்டிகளின் கோளாறாக எனக்குத் தெரியவில்லை. எர்த், நியூட்ரல், வோல்ட்டேஜ் மூன்றும் சரியில்லாத வீட்டில் எந்தப் பெட்டியை வாங்கி வைத்தாலும் இதே பாட்டைத்தான் பாடும்.

முதலில் அம்மா விஷயம், அது அவசரம். இன்றைய டிவி, செட்டாப் பாக்ஸ், ரிசீவர் எல்லாவற்றிலும் உள்ளே எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை இருக்கிறது. அதன் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு (பெட்டியின் இரும்பு உடலுக்கு) சின்னச் சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் பாடி இரண்டுக்கும் நடுவில் மிதக்கும். மல்டிமீட்டரில் அளந்தால் 110, 115 வோல்ட் என்று காட்டும். ஒரு பெட்டியிலிருந்து மட்டும் கசிவது மிகக் குறைந்த கரண்ட், சுருக்கென்று உணர வைப்பதோடு சரி. ஆனால் வீட்டில் எர்த் வயர் எல்லா பிளக் பாயிண்டுக்கும் போய், கொல்லையில் பைப் புதைத்த எர்த் குழி மட்டும் செத்துப்போயிருந்தால் கதை வேறு. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றின் கசிவும் அந்த ஒரே வயரில் சேர்ந்து, கூடத்தில் இருக்கும் ரிசீவரின் இரும்பு மூடிக்கும் வந்து நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் தரை ஓதம் ஏறியிருக்கும்போது வெறுங்காலோடு நிற்பவருக்கு அது பலமாகவே தெரியும். நாளைக்கு ஹீட்டரிலோ மோட்டாரிலோ இன்சுலேஷன் போய்விட்டால் அதே வழியில் முழு 230 வோல்ட்டும் ரிசீவர் பாடிக்கு வந்துவிடும். ஆகவே இது சரியாகும்வரை அம்மா மெயினை ஆஃப் பண்ணிவிட்டே துடைக்கட்டும்.

எர்த் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வயர்மேன்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. 100 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் கொடுப்பார்கள். பல்பு எரிந்தால் "எர்த் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எரிவது மட்டும் போதாது, வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. பல்பு போடுவதற்கு முன் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 இருந்து, போட்ட பிறகு இரண்டு மூன்று வோல்ட் மட்டும் குறைந்தால் குழி ஐந்து ஓம் அளவில் இருக்கிறது என்று அர்த்தம், நிம்மதி. 35, 40 வோல்ட் குறைந்தால் குழி நூறு ஓம் பக்கம் போய்விட்டது. பல்பு பார்க்க எரிகிற மாதிரியே இருக்கும், ஆனால் எர்த் இருந்தும் பயன் இல்லை. இரண்டு எச்சரிக்கை: எர்த் செத்திருந்தால் இந்தச் சோதனையின்போது வீட்டிலுள்ள எல்லா இரும்பு பாடிக்கும் கரண்ட் வரும். அதனால் நீங்களாகச் செய்யாதீர்கள். வயர்மேன் செய்யும்போதும் ஃப்ரிட்ஜ், கிரைண்டர் எதையும் யாரும் தொடக்கூடாது. கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருந்தால் அது உடனே ட்ரிப் ஆகும். அது பழுதில்லை, அதன் வேலையே அதுதான்.

டெல்டாவில் எர்த் குழிக்கு ஒரு தனி குணம் உண்டு. நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அறுவடை முடிந்து பங்குனி சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அப்போது குழியைச் சுற்றியுள்ள மண்ணும் சுருங்கிப் பைப்பை விட்டு விலகிவிடும். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை எர்த் பலவீனமாகவே இருக்கும். 'கோடையில்தான் இரைச்சல் அதிகம், மழைக்காலத்தில் இல்லை' என்று நீங்கள் கவனித்திருந்தால் அதுவே பாதி விடை.

குழியின் மூடியைத் திறந்து, பைப்பும் வயரும் சேரும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு மண்ணுக்குள் இருக்காது, அந்த நட்டு போல்ட்டில்தான் இருக்கும். ஜி.ஐ. பைப்பில் செம்புக் கம்பியை நேரடியாகச் சுற்றி முறுக்கியிருப்பார்கள். துத்தநாகமும் செம்பும் ஈரத்தில் சேர்ந்தால் துத்தநாகம் அரித்துப் போகும். கம்பியில் பச்சைக் களிம்பு, பைப்பின் மேல் வெள்ளைப் பொடி, போல்ட்டில் செதில் செதிலாகத் துரு. கம்பியை லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கட்டியபடி இருப்பதாகவே தோன்றும். துருவைச் சுரண்டி, ஜி.ஐ. பட்டையோ முலாம் பூசிய கிளாம்போ போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் பாதி வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் இரண்டரை மீட்டர் பைப்பில் இன்னொரு குழி போடுங்கள், பழைய குழியிலிருந்து குறைந்தது பைப்பின் நீளம் அளவுக்காவது தள்ளி. இரண்டையும் இணைத்துவிடலாம். உப்பும் கரியும் போடுவது பழைய முறை. வேதாரண்யம், நாகப்பட்டினம் போலக் கடலை ஒட்டிய, நிலத்தடி நீரே உப்பாக இருக்கும் ஊர்களில் மேலும் உப்பைக் கொட்டினால் பைப்தான் சீக்கிரம் கரையும். அங்கே செம்பு பூசிய ராடும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் பெண்டோனைட் களிமண்ணும் சிறந்தவை. கோடையில் அவ்வப்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் சரியில்லை என்றதும் பிளக் பாயிண்டிலேயே எர்த் பின்னை நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனை பல்பும் பளிச்சென்று எரியும், எர்த் அடிப்பதும் நின்றுவிடும். ஒரு நாள் காற்றில் தென்னை மட்டை விழுந்து சர்வீஸ் நியூட்ரல் அறுந்தால், வீட்டிலுள்ள எல்லா இரும்பும் ஃபேஸ் ஆகிவிடும். உங்கள் வீட்டு பாயிண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அப்படி ஒரு துண்டு வயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அன்றைக்கே வெட்டி எடுக்க வேண்டும்.

அடுத்து இரைச்சல். ரிசீவரின் வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். அப்போதும் இரைச்சல் அதே அளவில் இருந்தால் அது ரிசீவரின் உள்ளே, பவர் சப்ளைப் பக்கம் பிறக்கிறது. மேல்பக்கம் உப்பிய கெப்பாசிட்டர் இருந்தால் இப்படித்தான் வரும், கொஞ்சம் கரகரப்பாக. அது உண்மையான பழுது. ஆனாலும் கெப்பாசிட்டர் மாற்றுகிற வேலைதான், புதுப்பெட்டி வாங்குகிற வேலை இல்லை. வால்யூம் ஏற ஏற இரைச்சலும் ஏறினால் வெளியிலிருந்து இன்புட் வழியாக வருகிறது. சப்வூஃபரில் மட்டும் வந்தால் அதற்குப் போகும் ஒற்றை ஆர்சிஏ ஆடியோ வயரை உருவிப் பாருங்கள்; நின்றால் அந்த வயர் வழியாகத்தான் வருகிறது.

இப்போது செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள்காரரின் கோஆக்சியல் வயரைக் கழற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். இரைச்சல் சட்டென்று நின்றால் ஆம்ப்ளிஃபயர் தப்பித்தது. அந்த வயரின் வெளிச்சுற்று வலை தெருவெல்லாம் ஓடி, யாரோ ஒருவர் மாடியில் வேறொரு மின் சர்வீஸில் ஓடும் கேபிள் பூஸ்டரின் பாடியில் போய்ச் சேர்கிறது. உங்கள் ரிசீவரோ மூன்று பின் பிளக் வழியாக உங்கள் கொல்லைக் குழியில் சேர்ந்திருக்கிறது. இரண்டு இடத்துக்கும் சில வோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும். அந்த வித்தியாசம் செட்டாப் பாக்ஸிலிருந்து ரிசீவருக்குப் போகும் சிவப்பு வெள்ளை ஆடியோ வயரின் வலை வழியாகக் கரண்டாக ஓடும். 50 ஹெர்ட்ஸில் ஓடும் அந்தக் கரண்ட்தான் 'உம்ம்'. டெக்னீஷியன்கள் கிரவுண்ட் லூப் என்பார்கள். இரண்டு பக்கமும் பெட்டிகள் நன்றாகவே இருக்கும், ஆனாலும் இரைச்சல் வரும். அதனால்தான் போர்டைத் திறந்து தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படுவதில்லை.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, கோஆக்சியல் வயரில் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சின்ன உருப்படியைச் சேர்ப்பது. அது சிக்னலை விடும், 50 ஹெர்ட்ஸைத் தடுக்கும். டிஷ் வைத்திருப்பவர்கள் இதைப் போடக்கூடாது. டிஷ்ஷில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்கு அதே வயர் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் போகிறது, அது தடைபட்டுவிடும். இரண்டாவது, சிவப்பு வெள்ளை வயரை எடுத்துவிட்டு டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் கேபிள். அதில் போவது வெறும் வெளிச்சம், கரண்டுக்கு வழியே இல்லை. சாதாரண 5.1 டால்பி டிஜிட்டல் அதில் தாராளமாகப் போகும். ப்ளூரேயின் டால்பி ட்ரூஎச்டி மாதிரி பெரிய ஃபார்மெட் போகாது. கேபிள் டிவிக்கு அது தேவையும் இல்லை. மூன்றாவதாக ஒரு 'வைத்தியம்' ஊரில் நடக்கிறது: ரிசீவர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது. இரைச்சல் உண்மையிலேயே நின்றுவிடும். ரிசீவரின் பாடிக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் போய்விடும். தயவுசெய்து அதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள்.

டிவி கறுப்பதற்கு முதலில் எச்டிஎம்ஐ கேபிளைச் சந்தேகப்படுங்கள். 4கே படம் நொடிக்கு 60 ஃப்ரேமில் போனால் 18 கிகாபிட் வரை அந்தக் கம்பி தாங்க வேண்டும். ஐந்து மீட்டரைத் தாண்டிய சாதாரணச் செம்புக் கேபிள் தடுமாறும். சுவருக்குள் புதைத்த பத்து மீட்டர் கேபிளாக இருந்தால் அதை விட்டுவிட்டு, ஒரு நாள் சின்னக் கேபிளை நேராகப் போட்டுப் பாருங்கள். கறுப்பது நின்றால் முடிந்தது. நீளம் தேவைப்பட்டால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்கலாம். அதில் டிவி பக்கம், பெட்டி பக்கம் என்று முனைகள் வேறு, மாற்றிச் சொருகினால் படமே வராது. ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவியின் யுஎஸ்பியிலேயே பவர் எடுக்க விட்டிருந்தாலும் இப்படி அணைந்து அணைந்து வரும். அங்கே பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் கிடைக்கும். அதன் அடாப்டரையே போடுங்கள். ஒரு விஷயம் கண்டிப்பு: எர்த் அடிக்கிற வீட்டில் எச்டிஎம்ஐயைக் கரண்ட் ஓடும்போது சொருகவோ உருவவோ கூடாது. மிதக்கும் இரண்டு பாடிகளுக்கு நடுவிலுள்ள வோல்ட்டேஜ் சிக்னல் பின்னில் பாய்ந்தால் போர்ட் எரிந்துவிடும். எரிந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்குத்தான் மெயின் போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

தண்ணீருக்குக் கடைமடை இருப்பதுபோலக் கரண்டுக்கும் கடைமடை உண்டு. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசிக் கம்பத்து வீடு என்றால், குறுவை நாற்றங்காலுக்குப் போர் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 180க்கும் கீழே இறங்குவது சாதாரணம். டிவி கவலைப்படாது, அதன் எஸ்எம்பிஎஸ் நூறு வோல்ட்டிலும் ஓடும். மலிவான ஸ்மார்ட் சுவிட்சுக்குள் இருக்கும் சின்னப் பவர் சப்ளைதான் முதலில் மயங்கும். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சுகள் ஆஃப்லைன் ஆகின்றனவா? அப்படியானால் வைஃபையைத் திட்டுவதற்கு முன் வோல்ட்டேஜை அளங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது உங்கள் பக்கத்துக் கம்பங்கள் சாய்ந்து கிடந்ததைச் சொல்லத் தேவையில்லை. அதுபோன்ற காற்றுக்குப் பிறகு அவசரத்தில் முறுக்கிய நியூட்ரல் ஜாயிண்ட்கள் காலப்போக்கில் தளரும். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைவான ஃபேஸில் இருக்கும் வீட்டுக்கு 300 வோல்ட்டுக்கு மேல்கூட வரலாம். ஃபேன் திடீரென்று வேகமெடுத்து, உங்கள் லைட் பளிச்சென்றும் பக்கத்து வீட்டு லைட் மங்கலாகவும் எரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டு லைன்மேனுக்குச் சொல்லுங்கள். மெயின் போர்டில் ஓவர் வோல்ட்டேஜ், அண்டர் வோல்ட்டேஜ் இரண்டையும் பார்த்துத் தானே துண்டிக்கும் ப்ரொடெக்டர் ஒன்று போடுவது, நான் எந்த வீட்டுக்கும் முதலில் சொல்லும் செலவு.

கரண்ட் வந்ததும் சுவிட்சுகள் காணாமல் போவதற்கு இன்னொரு காரணம் நேரம். சுவிட்சுகள் சில நொடியில் விழித்துக்கொண்டு வைஃபையைத் தேடும். ரவுட்டரும் ஃபைபர் மோடமும் எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். தேடிக் களைத்த சுவிட்ச் சில அப்படியே நின்றுவிடும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். ரவுட்டர் செட்டிங்கில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இந்தச் சுவிட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும், அதனால் அந்த அலைவரிசை வைஃபைக்குத் தனிப் பெயர் வையுங்கள். சேனல் 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றைப் பிடியுங்கள். உங்கள் வீடு முன்வாசலிலிருந்து கொல்லைவரை நீளமாகப் போகிறது; பழைய பாதியில் சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்றரை அடி இருக்கும். கூடத்து ரவுட்டரின் சிக்னல் கிணற்றடிக்குப் போகாது. முற்றத்தில் திறந்தவெளி இருப்பது உங்களுக்கு அனுகூலம்: தாழ்வாரத்து விட்டத்தில் வைஃபையைப் பரப்பும் ஒரு ஆக்ஸஸ் பாயிண்ட்டை வயர் இழுத்து வைத்தால் இரண்டு பாதிக்கும் போதும். சுவிட்ச் மாடியூல் இரும்பு பாக்ஸுக்குள் அடைபட்டிருந்தாலும் சிக்னல் செத்துவிடும். பிளாஸ்டிக் பாக்ஸாக மாற்றுங்கள். பாக்ஸைத் திறக்கும்போது எறும்பும் பல்லியும் குடியிருக்கின்றனவா என்றும் பாருங்கள், உள்ளே ஆன், ஆஃப் செய்யும் ரிலே கெடுவதற்கு நம் பக்கத்தில் அதுவும் காரணம்.

மோட்டார் சுவிட்ச் ஒட்டிக்கொண்டதில் மர்மம் இல்லை. ஒரு ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். லோ வோல்ட்டேஜில் கிளம்பவே நேரமாகும். 16 ஆம்பியர் என்று அட்டையில் போட்டிருப்பது ஹீட்டர் மாதிரி லோடுக்கு. அந்த ரிலேயின் முனைகள் பொறியில் உருகி ஒட்டிவிட்டன. ஸ்மார்ட் சுவிட்ச், காண்டாக்டர் என்ற பெரிய காந்த சுவிட்சின் காயிலை மட்டும் இயக்கட்டும். மோட்டாரைக் காண்டாக்டர் இயக்கட்டும், ஓவர்லோடு ரிலேயோடு. ஆப்பில் 'கரண்ட் வந்ததும் என்ன நிலை' என்ற செட்டிங்கை மோட்டாருக்கு 'ஆஃப்' என்று கண்டிப்பாக மாற்றுங்கள். பழைய நிலைக்கே திரும்பட்டும் என்று விட்டால் நடுராத்திரி கரண்ட் வரும்போது மோட்டாரும் கிளம்பும்.

வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் இந்த வேலைகளை முடியுங்கள். இடி இடிக்கும்போது பவர் பிளக்கை உருவுவதோடு நிறுத்தாமல், செட்டாப் பாக்ஸின் கோஆக்சியலையும் கழற்றி விடுங்கள். திறந்த வயலுக்கு நடுவில் இருக்கும் வீடுகளுக்கு மின்னல் அந்த வழியாகவும் வருகிறது. இன்டர்நெட் ஃபைபராக இருந்தால் அதில் ஆபத்து இல்லை; கம்பத்திலிருந்து செம்பு லேன் வயர் இழுத்திருந்தால் அதையும் கழற்றுங்கள்.

வயர்மேன் வரும் நாளில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளந்து எழுதி வையுங்கள். மத்தியானம் ஒரு தடவை, மாலை ஏழு மணிக்கு மோட்டார் ஓடும்போது ஒரு தடவை. நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்து, கோஆக்சியலைக் கழற்றிய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை என்றால், அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள். ஆம்ப்ளிஃபயரைத் திறப்பதைப் பற்றி அப்போது பேசலாம்.